ஆளில்லாத கடைத்தெரு

ஓசூர் வேலையை உதறிவிட்டு, அமெரிக்காவின் மேற்கே ஒரு சின்ன ஊர் ஆலைக்குப் போன தினேஷ்குமார், இந்த மாதம் முழுக்கக் கட்டடங்களாகவே படம் எடுத்து அனுப்பினான். மத்தூரில் மாமனார் வீட்டில் இருந்த அவன் மனைவி அனுப்ரியா, போச்சம்பள்ளிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து அவற்றைப் பார்ப்பாள். சிவப்புச் செங்கல் கட்டடங்கள், நெற்றியில் கட்டிய வருஷம். ஒரு சுவரில் பாதி அழிந்த மாவு விளம்பரம். தெரு முடிகிற இடத்தில் மொட்டை மலை. அத்தனை படத்திலும் மருந்துக்குக்கூட ஒரு ஆள் இல்லை. "அங்க என்னா, பந்த்தா?" என்று கேட்டார் மாமனார் முனிசாமி.

கேலியாகக் கேட்டாரே தவிர, மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு டீக்கடை விடாமல் படத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தார். அதிலும் மரத்தால் கட்டிய ஒரு பழைய கடை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. முன்னால் இரண்டு மாடி உயரத்துக்குப் பலகை முகப்பு. வீட்டுக்கு மேல்மாடி எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. முன்பக்க எலிவேஷன் இதே மாதிரி வேண்டும் என்று ராமப்பன் மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டார். அதே கடையைப் பக்கவாட்டில் எடுத்த படமும் வந்திருந்தது. முகப்புக்குப் பின்னால் கோழிக்கொட்டகை உயரத்தில் ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான். அதை அவர் யாருக்கும் காட்டவில்லை.

அனுப்ரியாவுக்குத்தான் சந்தேகம் தட்டியது. எல்லாப் படத்திலும் உச்சி வெயில். பகல் ஷிஃப்ட்காரனுக்கு வேலை நாளில், மத்தியானத்தில், கடைத்தெருவில் என்ன வேலை? கேட்டால் லீவு என்பான், பேச்சை மாற்றுவான். புதன்கிழமை வந்த படத்தில் ஒரு காலிக் கடையின் கண்ணாடி. அதில் அவனே தெரிந்தான். மழிக்காத தாடி. கழுத்தில் கம்பெனி டேக் இல்லை. கல்யாண மேடைக்கே டேக்கோடு வந்து, தன் அக்கா திட்டிய பிறகு கழற்றிய ஆள் அவன். பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால் அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் கூப்பிட்டு நேராகவே கேட்டாள். ஆலையில் ஆட்குறைப்பு, வேலை போய் ஒரு மாதமாகிறது என்றான். எழுதிப்போட்ட இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்களாம். "ரூம்ல உக்காந்தா பயமா இருக்குது அனு. அதான் நடந்துட்டே இருக்கறேன். அந்தக் கட்டடங்க பாட்டுக்கு நிக்குது, என்னைய ஒண்ணும் கேக்காது." அப்பாவிடம் மட்டும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். பாவம் என்று அவளும் செய்துகொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேஸ்திரி முகப்புக்கு அளவு பார்த்து நூல் கட்ட வந்தார். முனிசாமி மகனுக்குப் போன் போட்டு, நாலு பேருக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். அந்த முகப்பு எவ்வளவு உயரம் இருக்கும் என்று கேட்டார். இப்போதாவது சொல்லிவிடுவான் என்று அனுப்ரியா போன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்லா உசரமாவே வைங்கப்பா" என்றான் தினேஷ்குமார். "ஊரே பாக்கட்டும்."

அதுவரை அவளுக்கு அவன்மேல் இரக்கம்தான் இருந்தது. இப்போது பயம் வந்தது. இப்படியே பொய் சொல்லிச் சொல்லி, அந்த ஆளில்லாத தெருவிலேயே அவன் ஒன்றுகிடக்க ஒன்று பண்ணிக்கொண்டால்?

"மேஸ்திரி, வேலைய நிறுத்துங்க" என்றாள். "மாமா, அவருக்கு அங்க வேல போயிருச்சு."

மகன் இல்லையென்று சொல்வான் என முனிசாமி போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் வந்துரட்டுமா?"