பிடுங்க வேண்டிய கொடி

மேசையின் தலைப்பக்கம் மச்சான். என் மனைவியின் அண்ணன், திராட்சைத் தோட்டத்தை நடத்துபவர். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலை ஒட்டி, நகரத்திலிருந்து வந்த ஒயின் வியாபாரி. இடப்பக்கம் அத்தை, மச்சானின் அப்பாவுடைய தங்கை. கதவோரம் வீட்டு மாப்பிள்ளையான நான். குடும்பத்துக் கடிதங்களை எழுதுபவன் என்பதால் பேனாவோடு. என் மனைவி உட்காரவே இல்லை. மேசைமேலிருந்த மூன்று ஒயின் பாட்டில்களுக்கும் மச்சானின் கம்பளிக் காலுறைகளை மாட்டிவிட்டவள் அவள். எதற்குள் எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கிணறு இறங்கிக்கொண்டே போகிறது. இனி மூன்று துண்டு நிலத்துக்குத் தண்ணீர் காணாது, இரண்டுக்குத்தான். மூன்றிலும் மூன்று கருந்திராட்சை ரகங்கள். வெளியே பெயர் சொன்னால் ஒருவருக்கும் தெரியாதவை. வீட்டில் வைத்த பெயர்களே வழக்கம்: மாமனார் நட்ட 'மெத்தை', மச்சான் நட்ட 'புதுசு', அத்தை தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் 'முரடு'. ஒன்றைப் பிடுங்கியாக வேண்டும். மச்சானின் கண் முரட்டின் மேல்தான் என்று அத்தைக்குத் தெரியும். "பாட்டில மூடி வச்சு ருசி பாரு. நாக்கு என்ன சொல்லுதோ ஒத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

முடிவை டிராக்டர்காரருக்கு நான் எழுத வேண்டும். போனில் கேட்டதை வைத்து ஒருமுறை அடுத்தவர் வேலியைப் பிடுங்கிப் போட்டவர் அவர். அன்றிலிருந்து எழுத்தில் கொடுக்காமல் வண்டியைக் கிளப்புவதில்லை. ரகத்தின் பெயருக்கு மட்டும் இடம் விட்டு, மிச்சத்தைக் காலையிலேயே எழுதி வைத்திருந்தேன்.

"துவைச்ச சாக்ஸ்தானேம்மா?" என்றார் வியாபாரி, மூக்கைக் கிளாஸுக்குமேல் நிறுத்தி.

"துவைக்காததா இருந்தா இந்நேரம் உங்களத் தண்ணி தெளிச்சு எழுப்பிக்கிட்டு இருப்போம்" என்றாள் என் மனைவி.

கறுப்புக் காலுறையிலிருந்து வந்தது கனிந்த பிளம்ஸ் பழம்போல மணத்தது, நாக்கில் மெத்தென்று படுத்துக்கொண்டது. சாம்பல் காலுறையில் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. நிறம் சரி, மணம் சரி; விழுங்கியதும் மறந்துபோயிற்று. சிவப்புக் காலுறை பார்வைக்கே வெளிறியிருந்தது. மிளகும் ஈரமண்ணும் கலந்த வாசனை. வாயில் வைத்ததும் சுரீரென்ற புளிப்பு, பின்னாலேயே துவர்ப்பு வந்து ஈறைப் பிடித்துக்கொண்டது.

"யப்பா! கன்னத்த உள்பக்கமா தச்சுட்டாங்க" என்று வியாபாரி துப்புகிற சட்டியைத் தேடினார்.

மச்சான் சிரித்தார். "இது எதுன்னு சாக்ஸக் கழட்டித்தான் பாக்கணுமா?"

ஆளுக்கொரு சீட்டில் போட்ட மார்க்குகளை வாங்கிக் கூட்டினேன். அத்தையின் சீட்டில் சிவப்புக்கு நேரே ஒன்றுமில்லை.

"இதுக்கு மார்க் போடலையே அத்தை?"

"மோந்ததுமே தெரிஞ்சுபோச்சு மாப்பிள்ள. தெரிஞ்சுக்கிட்டே போட்டா கள்ள ஓட்டு மாதிரி."

அவர் பத்துக்குப் பத்து போட்டிருந்தாலும் கரை சேர்ந்திருக்காது. கறுப்பு முதல், சாம்பல் அடுத்து, சிவப்பு வெகு பின்னால். காலுறைகள் கழன்றன: மெத்தை, புதுசு, முரடு.

"சரி, எழுதிக்கோங்க" என்று அத்தை எழுந்து தட்டுகளை எடுக்கப் போனார். முகத்தைக் காட்டவில்லை. நான் பேனாவைத் திறந்தேன்.

"கறி ஆறுது. சாப்பிட்டுட்டு எழுதுங்க" என்றாள் என் மனைவி.

கொழுப்போடு வெந்த ஆட்டுக்கறி, ரொட்டி. அதே மூன்று பாட்டில்களும் மேசையிலேயே இருந்தன. பேச்சு கிணற்றைத் தோண்டுவதில் தொடங்கி வியாபாரியின் மருமகனில் வந்து நின்றது. நடுவே மச்சான் கையிலிருந்த பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"என்னடி, முரடு தீந்துபோச்சா?"

"நீதானேண்ணா ஊத்திக்கிட்டே இருந்தே. இவர் வேற பங்குக்கு" என்று வியாபாரியைக் காட்டினாள் என் மனைவி.

வியாபாரி ரொட்டியால் தட்டைத் துடைப்பதில் மும்முரமானார். "கறியோட அது வேற ஆளா இருக்கு சார். என் கடையில நின்னபடி ஒரு வாய்தான் குடிச்சுப் பாப்பாங்க. ஒரு வாய்க்கு மெத்தைதான். வீட்டுக்குப் போய் உக்காந்தா..." மீதியைச் சொல்லாமல் காலி பாட்டிலைப் பார்த்தார்.

மச்சான் அதைப் பார்க்கவில்லை. மெத்தை பாதிக்கு வந்திருந்தது. ருசி பார்க்க எடுத்த அளவோடு, கழுத்துக்குக் கொஞ்சம் கீழே அப்படியே நின்றது புதுசு. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம் பாத்து மாத்தாதடா" என்றார் அத்தை. "மார்க் போட்டாச்சு. நான் ஒத்துக்கிட்டாச்சு."

"பாவமெல்லாம் இல்ல அத்தை. நட்டவன் நான், நானே அதுல ஒரு வாய் ஊத்திக்கல."

"காய்ப்புக்கு வந்தே ரெண்டு வருஷந்தான் ஆகுது. ஒரு குறை சொல்ல முடியாதுடா அத."

"அதான். ஏதாவது குறை இருந்திருந்தா திட்டிக்கிட்டாவது குடிச்சிருப்போம்."

நான் விட்ட இடத்தில் 'புதுசு' என்று எழுதினேன். டிராக்டர்காரர் வேலியைப் பிடுங்கிய கதை ஞாபகம் வர, 'மேற்குத் துண்டு, நீலச் சாயம் பூசிய தூண்கள்' என்றும் சேர்த்தேன். மச்சான் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"ஒட்டிடுங்க மாப்பிள்ள. மனசு மாறிடப் போகுது."

உறையின் ஓரத்தை நக்கினேன். முரட்டின் துவர்ப்பு இன்னும் நாக்கில் இருந்தது. விரலால் அழுத்தித் தேய்த்து ஒட்டி, முகவரியைச் சரிபார்த்து, தெருமுனைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன்.