பதினோராவது முகம்

அவன் உள்ளே நுழைந்ததும் சலூனில் பேச்சு நின்றது. நின்றது என்பதுகூடச் சரியில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. பஸ் டிரைவர் சட்டென்று மழையைப் பற்றி ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரர், பெய்யாத மழைக்கு, "ஆமாமா, நல்ல மழை" என்றார். சலூன்காரர் மட்டும் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்து, "வா பேனர், உக்காரு" என்றார்.

பேனர் அச்சடிக்கும் கடையில் வேலை என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். போன சீசனின் கடைசி ஆட்டத்திலிருந்து இப்படித்தான் நடக்கிறது. அன்றைக்குத் தோற்காமல் இருந்திருந்தால் ஊர்க் கால்பந்து அணி மேல் பிரிவுக்குப் போயிருக்கும். மெதுவாக உருண்டு வந்த ஒரு பந்து, கோல்கீப்பரின் கைக்கும் முழங்காலுக்கும் நடுவே நழுவி உள்ளே போய்விட்டது. அந்தக் கோல்கீப்பர் அவனுடைய அக்காவின் கணவர். ஊரே அவரைப் 'பூட்டு' என்று செல்லமாகக் கூப்பிட்ட காலம் உண்டு. இப்போது பூட்டு துருப்பிடித்துவிட்டது, சாவி எல்லார் கையிலும் இருக்கிறது என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். வாசலுக்கு வரும்போதே சிரிப்பு அவன் காதில் விழும். அவன் உள்ளே வந்ததும் மழை வந்துவிடும்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. சீசனுக்கு முன்னால் ரசிகர்கள் பார்க்க அணி ஒரு பயிற்சி ஆட்டம் ஆடும். அன்றைக்கு மைதானத்தின் கம்பிவேலியில் இவர்கள் ஒரு பெரிய பேனர் கட்டுவார்கள். அதில் பதினோரு முகங்கள் இருக்கும். இந்த வருஷம் யாரெல்லாம் ஆட வேண்டும் என்று இவர்கள் ஆசைப்படுகிறார்களோ அவர்களுடைய முகங்கள். அதைப் பார்த்துக் கோச் ஆள் எடுப்பதில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நிற்பார். ஆட்டக்காரர்களும் வந்து தங்கள் முகத்தைத் தேடுவார்கள்.

"பத்துப் பேர் முடிஞ்சாச்சு" என்றார் சலூன்காரர். "முன்னால ஆடுறது நம்ம மொட்டைதான். இந்த வருஷம் அவன் இருபது கோல் போடுவான், நான் சொல்றேன்."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க. ரெண்டு போட்டான். அதுல ஒண்ணு நம்ம கோல்லயே போட்டான்" என்றார் பஸ் டிரைவர்.

"கோல் போட்டானா இல்லியா, அதச் சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு ஒவ்வொருவரிடமாக அணைந்தது. பதினோராவது இடம்தான் மிச்சம். அது கோல்கீப்பருடையது. பஸ் டிரைவர் தன் செருப்பைப் பார்த்தார். நாற்காலியில் இருந்தவரின் பின்கழுத்தில் ஓடிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் நின்றது.

"அத நீயே சொல்லிடு பேனர்" என்றார் சலூன்காரர். "நீ யாரச் சொல்றியோ அவரு. நாங்க ஒரு வார்த்தை பேச மாட்டோம்."

அவனுக்காக அத்தானின் முகத்தைப் போட அவர்கள் தயாராக இருந்தார்கள். அந்தப் பெருந்தன்மைதான் அவனைக் கூச வைத்தது. புதிதாக வந்த கோல்கீப்பரை, அந்த நெட்டையனை, அவன் இளையோர் அணியின் ஆட்டங்களில் பார்த்திருந்தான். பந்து அந்தப் பையன் கைக்குள் போனால் அங்கேயே இருந்துவிடும். அந்தக் கடைசி ஆட்டத்தை எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம், கோலுக்கு முன்னால் அவன் நிறுத்தியது நெட்டையனைத்தான். ஒரு ரசிகனாக அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதைச் சொல்ல ஒரு நொடிதான் ஆனது.

"நெட்டையப் போடுங்க."

கத்தரிக்கோல் மறுபடி ஓடத் தொடங்கியது. அப்புறம் மருந்துக்கடைக்காரர் தணிந்த குரலில் கேட்டார்: "அப்ப நான் நெனச்சது உண்மைதானா? உங்க அக்கா வந்து வலித் தைலம் வாங்கிட்டுப் போனாங்க. வீட்டுக்காரருக்கான்னு கேட்டேன். பதில் சொல்லாம சிரிச்சாங்க. தோளா?"

தைலம் அக்காவின் கழுத்துக்கு. சூப்பர்மார்க்கெட் கல்லாவில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பதால் வந்த வலி. அவனுக்கு அது தெரியும். சொல்ல வாயெடுத்தான்.

"விடுய்யா, அவன்கிட்டப் போய் நோண்டிக்கிட்டு" என்றார் சலூன்காரர். "சொந்த மச்சினன், வீட்டுக்குள்ள போயி வந்துக்கிட்டு இருக்கிறவன். அவனே சொல்றான்னா சும்மாவா சொல்லுவான்? பாவம் மனுஷன்."

அவர்கள் எல்லாரும் அவனை இரக்கத்தோடு பார்த்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் கடையில் அவன் முன்னால் மழை பெய்யவில்லை. அத்தானுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஒன்றுமில்லை என்றால், நல்ல உடம்போடு இருக்கும் அத்தானை வேண்டாம் என்று சொன்னவன் ஆகிவிடுவான். அவன் வாயை மூடிக்கொண்டான். தலை குனிந்தது. அதைத் தலையாட்டல் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்வார்கள் என்று அவனுக்கும் தெரிந்தே இருந்தது.

மறுநாள் கடையில் முகங்களை வரிசையாக அடுக்கினான். கணினியில் அத்தானின் படம் ஏற்கெனவே இருந்தது. ஒவ்வொரு வருஷமும் எடுத்துப் பயன்படுத்திய அதே படம். பின்னணியைக் கத்தரித்து, காதோரம் ஒட்டியிருந்த வெளிச்சத்தைத் துடைத்து, அவனே சுத்தம் செய்தது. அதைத் தொடாமல் நெட்டையனின் படத்தைத் திறந்தான். அச்சு இயந்திரத்தின் தலை இடமும் வலமுமாக ஓடத் தொடங்கியது. மையின் வாடை அறை முழுக்க நிறைந்தது. முதலில் நெற்றிகள் வந்தன, பிறகு கண்கள். நெட்டையன் கொஞ்சம் பயந்த முகத்தோடு வந்தான். பேனரின் ஓரங்களை மடித்து, கயிறு கோக்க வளையங்களை அடித்தபோது, ஒவ்வொரு அடியும் தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டது.

வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனான். வீட்டுக்குப் பின்னால் அத்தான் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். ஒவ்வொரு முறையும் பந்தை அதில் முக்கி எடுத்து எறிந்தார். சுவரெல்லாம் வட்ட வட்டமாக ஈரம்.

"வழுக்கணும் மாப்ளே. வழுக்குற பந்தப் பிடிச்சாத்தான் கை மறக்காது" என்றார். உடம்பு இளைத்திருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. "ஒரு வருஷம் போதும். எனக்கு மேல எதுவும் வேணாம். அந்த ஒரு பந்து உள்ள போனதோட நான் வீட்டுக்குப் போகக் கூடாது. பயிற்சி ஆட்டத்துல யாரு நல்லா ஆடுறாங்களோ அவங்கதான்னு கோச் சொல்லிட்டாரு. ஆளுக்குப் பாதி நேரம். அது போதும் எனக்கு."

அவன் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேனர் ரெடியா?"

"அடிச்சாச்சு அத்தான்."

"அந்தப் பழைய போட்டோவத்தானே போட்டே? அதுல எனக்கு முடி ஜாஸ்தி. இருக்கட்டும், இருக்கட்டும்." சிரித்துக்கொண்டே பந்தைத் தண்ணீரில் அமுக்கினார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பந்து சுவரில் மோதித் திரும்பி வரும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டான்.

சலூனில் சொன்ன சொல் அவனைவிட வேகமாக நடந்தது. பஸ் டிரைவரின் பஸ்ஸில் ஏறி இறங்கியவர்களெல்லாம் அதை ஆளுக்கொரு தெருவுக்கு எடுத்துப் போனார்கள். மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அது அத்தானின் தோள் தசை கிழிந்த கதையாகியிருந்தது. பயிற்சி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் அக்கா போன் செய்து வரச் சொன்னாள்.

போனபோது அத்தான் வீட்டில் இல்லை. அக்கா சமையலறையில், அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"கோச் அவரக் கூப்பிட்டு டாக்டர்கிட்ட அனுப்பினாரு. ஒண்ணுமில்லைன்னுதான் டாக்டர் சொன்னாரு. ஆனா கோச் நம்பல. உங்க வீட்டுப் பக்கத்துலேருந்தே பேச்சு வருதேங்கிறாரு. ஆட்டம் முழுக்க அந்தப் பையன்தான் நிக்கிறானாம். இவரு பெஞ்சுல."

அவன் சுவரில் சாய்ந்தான்.

"எல்லாம் என்னால வந்தது" என்றாள் அக்கா. "மருந்துக்கடையில கேட்டாரு, வீட்டுக்காரருக்கான்னு. எனக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? இந்த வயசுல கழுத்து வலின்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. சிரிச்சு வெச்சேன். அந்தச் சிரிப்புலதான் எல்லாம் போச்சு."

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"பின்ன எப்படி? நீயே சொல்லு."

அவன் சொல்லவில்லை. அக்கா திரும்பியபோது கழுத்தைத் திருப்பாமல் உடம்பையே மொத்தமாகத் திருப்பினாள். தைலப் பாட்டில் ஜன்னலோரம் மூடி திறக்கப்படாமல் இருந்தது. அதைத் தொடவே அவளுக்கு மனம் வரவில்லை என்று புரிந்தது.

அங்கிருந்து நேராகச் சலூனுக்குப் போனான். மூன்று பேரும் இருந்தார்கள். நின்றபடியே சொன்னான்: "அத்தானுக்கு ஒரு குறையும் இல்ல. தைலம் அக்காவுக்கு. நெட்டை நல்லா ஆடுறான்னுதான் நான் சொன்னேன். வேற ஒண்ணுமில்ல."

சலூன்காரர் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். "புரியுதுடா. உங்க குடும்பத்த நீ விட்டுக்குடுக்க மாட்டே. இப்படித்தான் இருக்கணும்."

"நான் நிஜமாத்தான் சொல்றேன்."

"சரிடா, சரி. நாங்க வெளிய சொல்லல" என்றார் பஸ் டிரைவர், சொல்வதற்கு இன்னும் யாரோ மிச்சம் இருப்பதைப் போல.

பொய்யை அவன் வாய் திறக்காமலே நம்பியவர்கள், உண்மையை வாய்விட்டுச் சொன்னபோது நம்பவில்லை. இதை வைத்து அவர்கள்மேல் கோபப்பட முயன்றான். கோபம் வரவில்லை.

பயிற்சி ஆட்டத்தன்று சாயங்காலம் வேலியில் பேனர் காற்றில் உப்பி உப்பி அடங்கியது. அத்தான் அதன் முன்னால் நின்றிருந்தார். பச்சை நிறக் கோல்கீப்பர் சட்டை, கையில் உறைகள். பதினோரு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"இது நீ அடிச்சதுதானே?"

"ஆமா அத்தான்."

"அவங்க சொன்னாங்க, நீ அடிச்சே. நீ என்ன பண்ணுவே."

"அவங்க சொல்லல. என்னத்தான் கேட்டாங்க. நான்தான் நெட்டையப் போடச் சொன்னேன்." வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "உங்களுக்கு உடம்பு சரியில்ல, அதான் சொல்றேன்னு அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லல."

அத்தான் வலது கை உறையின் பட்டையைப் பிரித்தார். மறுபடி ஒட்டினார். மறுபடி பிரித்தார். உள்ளே யாரோ பந்தை உதைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏன்?"

"ஜெயிக்கணும்னு."

"ம்."

 பிறகு பேனரைப் பார்த்தபடியே பேசினார். "அந்தப் பையன் என்னைவிட நல்லா ஆடி என்னத் தள்ளியிருந்தா, ஒழுங்கா வீட்டுக்குப் போயிருப்பேன். ஒருவேளை தள்ளியிருப்பான். இனிமே அது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதத்தான் நீ எடுத்துக்கிட்டே."

அவன் ஏதோ சொல்லப் போனான். அத்தான் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"என்கிட்டச் சொன்னது போதும். உங்க அக்காகிட்டப் போ. ராவெல்லாம் தூங்காம தன்னையே திட்டிக்கிட்டு இருக்கா."

சொல்லிவிட்டு உள்ளே போனார். ஓடவில்லை, நடந்தே போனார்.

அக்கா மேல்வரிசைப் படியில், கூட்டத்தைவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவன் ஒரு படி கீழே உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் முழுவதையும் சொன்னான். சலூன், தைலம், தலை குனிந்தது, வாளித் தண்ணீர், சமையலறையில் சொல்லாமல் விட்டது. முடித்த பிறகு திரும்பிப் பார்த்தான். அவள் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரால முடியாதுன்னு நிஜமாவே நெனச்சியா?" என்றாள் கடைசியில்.

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அவனுக்கும்தான்.

"ஆமாக்கா."

"நானும் நெனச்சேன்" என்றாள். "தினம் தினம் அந்த வாளியில தண்ணி ரொப்பிக் குடுத்துக்கிட்டே நெனச்சேன். வாயத் திறந்ததில்ல." கொஞ்சம் பொறுத்து, "நீ திறந்திருக்கக் கூடாதுடா" என்றாள்.

கீழே ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நெட்டையன் கோலுக்குள் நின்றான். அவனைத் தயார் செய்வது பெஞ்சுக் கோல்கீப்பரின் வேலை. அத்தான் பந்துகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக உதைத்தார். மூலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, தலைக்கு மேலே ஒன்று. எதையும் விட்டுக்கொடுத்து உதைக்கவில்லை. நெட்டையன் பாய்ந்து பாய்ந்து பிடித்தான். கூட்டம் கை தட்டியது. படியில் உட்கார்ந்திருந்தவனின் கைகள் மடியில் கிடந்தன.

"நல்லாத்தான் பிடிக்கிறான்" என்றாள் அக்கா.

அத்தான் அடுத்த பந்தை எடுத்து வைத்தார்.