தாடிக்குத் தடை

மருந்து ஆய்வுக்கூடத்தில் என் அறைக்குள் தாடியோடு யாரும் வரக்கூடாது என்று திங்கட்கிழமை அறிவிப்பு ஒட்டினேன். அங்கே தாடி வைத்திருப்பது ஒரே ஆள். என் வீட்டுக்காரர்.

"வீட்டுக்குள்ளயாவது விடுவியா?" என்று கேட்டார். "முதல்ல தாடிக்கு தினமும் சோப்பு போடுங்க" என்றேன். போகிற இடமெல்லாம் தூசி பரப்புகிற மனுஷன். குடுவை, மேசை, மிச்சமிருந்த பழைய பொடி டப்பா எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

படிகமாக்குவது கேட்க எளிது. சூடான திரவத்தில் மருந்தை முடிந்தமட்டும் கரைத்து ஆறவிட வேண்டும். ஆறிய திரவத்தால் அத்தனையையும் தாங்க முடியாது. மருந்து படிகமாக வெளியே வரும். அது பெரும்பாலும் தன் இனத்தைத்தான் பக்கத்தில் சேர்க்கும், அழுக்கு திரவத்திலேயே தங்கிவிடும். உப்பும் சர்க்கரையும் இப்படித்தான் சுத்தமாகின்றன. ஆனால் கூட்டத்தில் முதல் வரிசை நாற்காலி மாதிரி, ஒருத்தர் போய் உட்காராமல் மற்றவர்கள் அசைய மாட்டார்கள்.

மூன்று நாளாக ஒருத்தரும் உட்காரவில்லை. கண்ணாடிக் கோலால் உள்ளே சுரண்டினேன், ஐஸில் வைத்தேன், கெஞ்சினேன், திட்டினேன். ம்ஹூம். வியாழன் நாலு மணிக்கு இயக்குநர் வந்து பார்க்கும்போது படிகம் இல்லையென்றால் என் செய்முறையைக் கைவிடுவதாக முடிவு. இரண்டு வருட உழைப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழன் மூன்றரைக்குத்தான் மண்டையில் உறைத்தது. போன மாதமெல்லாம் படிகம் மளமளவென்று வந்தபோது, பக்கத்தில் நின்று இதே மருந்தின் காய்ந்த பொடியைச் சலித்தவர் என் வீட்டுக்காரர். அவர் தாடியில் ஒட்டிய அந்தத் தூசியில் ஒரு துணுக்கு குடுவைக்குள் விழுந்தால் போதும், முதலில் போய் உட்காரும் ஆள், அதாவது விதை, அதுதான். நான் விதையையும் சேர்த்துக் கழுவி ஊற்றியிருக்கிறேன்.

வெட்கத்தை விட்டு அடுத்த அறைக்குப் போனேன்.

"கொஞ்சம் வாங்களேன்."

"அறிவிப்பு இருக்கே, மேடம்."

"கிழிச்சாச்சு. தாடிக்கு சோப்பு போட்டீங்களா?"

"நீ திட்டுவேன்னு போட்டதா சொன்னேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பொய்க்குச் சந்தோஷப்பட்டேன். குடுவைமேல் தாடியை உதறச் சொன்னேன். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு வெள்ளையாக ஓர் ஊசி, அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் குடுவை முழுக்க.

நாலு மணிக்கு வந்த இயக்குநர், "விதை எங்கிருந்து?" என்றார். பழைய இருப்பு என்று சொல்ல வாய்வரை வந்தது.

"இவர் தாடியிலிருந்து சார். இனிமே இந்தப் படிகத்துலயே ஒரு சிட்டிகை எடுத்து வெச்சுப்போம்."

இயக்குநர் சிரித்துக்கொண்டே செய்முறையைத் தொடரக் கையெழுத்துப் போட்டார். அறிக்கையில் என் பெயருக்கு மேலே என் வீட்டுக்காரர் பெயரை எழுதினேன். அதைப் பார்த்த மனுஷன் அன்று ராத்திரி நான் சொல்லாமலே தாடிக்கு சோப்பு போட்டார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.