ஃபிரிட்ஜுக்கு ஒரு காவல்

தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. போனில் பார்த்துப் பார்த்து அக்காவுக்கு ஆசை அடங்கவில்லை. நேரில் போய்த் தூக்க வேண்டும். ஆனால் அவள் கேக் செய்வதற்கென்று வாடகைக்கு எடுத்திருந்த அறையில், ஃபிரிட்ஜுக்குள், ஒரு கல்யாண கேக்கின் அடுக்குகள் கிரீம் பூசி வைக்கப்பட்டிருந்தன. போன மாதம் மின்சாரம் போனது தெரியாமல் ஒரு முழு ஆர்டர் வழிந்து ஓடியது. அதற்குப் பிறகு அந்த அறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வரவே அவளுக்கு மனம் வருவதில்லை.

அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். யாராவது லிப்டில் மாட்டிக்கொண்டால் போட்டது போட்டபடி ஓட வேண்டிய வேலை. அவனை நம்பி ஃபிரிட்ஜை விட முடியாது. அதனால்தான் ஒரு கருவியைச் செய்தான். விரல் நீளத்தில், குட்டிக் கணினி போன்ற ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதிலிருந்து ஃபிரிட்ஜுக்குள் போகும் ஒரு சென்சார். குளிர் எவ்வளவு என்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று போன்களுக்குச் சொல்லும். மூன்றாவது போன் அவன் தங்கையுடையது. இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அவள் வீட்டில் ஃபிரிட்ஜையும் ஓட்டும் பெரிய இன்வெர்ட்டர் உண்டு.

முதலில் அதைச் சுவர் பிளக்கில் மாட்டியிருந்தான்.

"ஏண்ணா, கரண்ட் போனா சொல்றதுக்குத்தானே இது? கரண்ட் போனா இதுவும் சேர்ந்து படுத்துக்குது. ஃபிரிட்ஜுக்குப் பேச்சுத்துணைக்கு வெச்சியா?" என்றாள் அவன் தங்கை. அன்றிலிருந்து அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர்.

விஞ்ஞானி இப்போது ஒரு பவர் பேங்கை இணைத்திருந்தான். இணையப் பெட்டிக்கும் தனி பேட்டரி வைத்தாயிற்று.

"நாளைக்குக் காலையில பஸ்," என்றாள் மனைவி. "இது இப்ப ஒழுங்கா வேலை செஞ்சா போறேன். இல்லேன்னா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுவேன்."

பவர் பேங்கின் சார்ஜரைத் தானே கழற்றினாள். முதல் தகவல் வந்தது: நான்கு டிகிரி. இரண்டாவது வரவே இல்லை.

"நெட்வொர்க்கா இருக்கும்," என்றான் அவன்.

"எதுக்கெடுத்தாலும் அது தலையில கட்டுங்க."

"அண்ணி, நீங்க டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுங்க. குழந்தை வளர்ந்து அதுவே உங்களைப் பார்க்க வந்துடும்," என்றாள் நாத்தனார்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. பவர் பேங்கின் பொத்தானை அழுத்தினாள். நீல விளக்குகள் எரிந்தன, போனில் தகவலும் வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தாள். ஓவனுக்குள் கேக் எழும்பும்போது கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காத பழக்கம் அவளுக்கு. கொஞ்ச நேரத்தில் நீல விளக்குகள் தாமாகவே அணைந்தன.

"இங்க பாருங்க. போர்டு தகவலை அனுப்புது. அப்புறம் இந்த பேங்க் செத்துப்போகுது."

அவன் குனிந்து பார்த்தான். பேட்டரி நீடிக்கட்டும் என்று, ஒவ்வொரு தகவலுக்குப் பிறகும் போர்டு தூங்கும்படி புரோகிராம் எழுதியிருந்தான்.

"அட! நம்ம லிப்ட் மாதிரிதான். ஆள் இல்லேன்னு தெரிஞ்சா ஃபேன், லைட் எல்லாம் தானா நின்னுடும். தூங்கும்போது போர்டு எடுக்கிற கரண்ட் ஒரு சொட்டு. சார்ஜ் ஏறுற போனைக் கழட்டிட்டாங்கன்னு நெனச்சு இந்த பேங்க் கடையைச் சாத்திடுது."

"அவ்வளவு கஞ்சத்தனம் பண்ணச் சொன்னது யாரு?"

"நான்தான்."

மேஜை டிராயரிலிருந்து ஒரு லித்தியம் செல்லை எடுத்தான்.

"நேரா சொருகிட வேண்டியதுதானே?" என்றாள் நாத்தனார்.

"பொசுங்கிடும். முழுசா சார்ஜ் ஆனா இது நாலு வோல்ட்டுக்கு மேல இருக்கும். சிப்பு மூணு சொச்சம்தான் தாங்கும்." செல்லுக்கும் போர்டுக்கும் நடுவே இரண்டு சின்ன சர்க்யூட் பலகைகளைச் சேர்த்தான். ஒன்று செல்லைச் சார்ஜ் செய்து காக்கும். மற்றது வோல்டேஜை ஐந்துக்கு உயர்த்தி போர்டின் ஐந்து வோல்ட் முனைக்குக் கொடுக்கும். அதைக் குறைத்துச் சிப்புக்குத் தருவது போர்டின் பொறுப்பு. "இதுக்குத் தானா அணையற புத்தியெல்லாம் கிடையாது."

மனைவி டார்ச் பிடித்தாள். சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறவில்லையே என்று மீட்டரை வைத்துப் பார்க்கச் சொன்னாள். பார்த்தான். சரியாக இருந்தது.

பத்து நிமிடம் ஆயிற்று. மூன்று போன்களும் ஒன்றாகச் சத்தம் போட்டன. அடுத்த பத்து நிமிடத்திலும் போட்டன. நாலைந்து முறை வந்த பிறகுதான் அவள் சார்ஜரை மறுபடி மாட்டிவிட்டு, பையில் துணி அடுக்க வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையை வாங்கக் கை நீட்டும்போது போன் அலறியது. ஒன்பது டிகிரி. அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. நாத்தனாரை அழைப்பதற்குள் அங்கிருந்தே அழைப்பு வந்தது.

"அண்ணி, தெரு முழுக்க கரண்ட் இல்ல. பாதி கேக் எங்க வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போயாச்சு. மீதியை விஞ்ஞானி தூக்கிட்டு வர்றான், லிப்டைப் பாதியில விட்டுட்டு."

"லிப்டுக்குள்ள யாராவது..."

"யாரும் இல்ல, கேட்டுட்டேன். கிரீம் அசையல. நீங்க போனை வெச்சுட்டுக் குழந்தையைத் தூக்குங்க."

போனைக் கட்டிலில் வைத்தாள். கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "கொடுடி," என்றாள்.