சேறு படிந்த இலைகள்

பிப்ரவரி மாத உறையைப் பிரித்தபோது தமிழ்நிலாவின் விரலில் சேறு ஒட்டியது. காய்ந்த சேறு. தேய்த்ததும் பொடியானது.

அதை ஊதிவிட்டு இலையைத் தராசில் வைக்கத்தான் போனாள். பிறகு திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கமும் சேறு. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் அவள் கட்டியிருந்த இருபது வலைகளும் மார்பு உயரத்தில் தொங்குபவை. கடல் ஏறும்போதும் தண்ணீர் தொடாத உயரம் என்று அளந்து கட்டியவள் அவள்தான். உதிரும் இலை வலையில் விழும். மாதம் ஒருமுறை எடுத்துக் காயவைத்து எடை போட்டால், காடு காற்றிலிருந்து எடுத்த கார்பனில் எவ்வளவு மண்ணுக்குத் திரும்புகிறது என்று சொல்லலாம். அந்தரத்தில் விழுந்த இலைக்குச் சேறு எங்கிருந்து வரும்?

ஜனவரி உறையைப் பிரித்தாள். அதிலும் சேறு. டிசம்பரிலும். இதுவரை உறையோடு எடை போட்டு எழுதிவைத்திருந்தாள். இலையையும் குச்சியையும் தனியாகப் பிரிக்க வேண்டி இப்போதுதான் திறக்கிறாள்.

நவம்பர் புயலில் காடு மொட்டையாகிவிட்டது. அதன் பிறகு அவள் தஞ்சாவூரிலேயே உட்கார்ந்து ஆய்வேட்டை எழுதினாள். படகு ஓட்டும் அஸார் மாதாமாதம் இலைகளைச் சேகரித்துப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். டிசம்பரிலிருந்து வரைபடத்தின் கோடு மேலே ஏறியது. உதிர அத்தனை இலை இருக்கிறதென்றால் மூன்றே மாதத்தில் காடு தழைத்து மீண்டுவிட்டது என்று அந்தக் கோடு சொன்னது. வழிகாட்டியான ரோஹிணி மேடம் அதைக் கருத்தரங்கில் காட்டினார், கைதட்டினார்கள். திங்கட்கிழமை கட்டுரை ஆய்விதழுக்குப் போகிறது. அவளுடைய உதவித்தொகையை இன்னும் ஓராண்டு நீட்டிக்கக் கேட்டிருப்பதும் அதைக் காட்டித்தான். கீழ்வேளூரில் இன்னமும் நடவுக்குப் போகும் அம்மாவுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அஸாருக்குப் போன் செய்து கேட்கலாம். ஆனால் 'இறங்கணும்' என்று நடத்துநரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வருகிறவள் அவள். நேரில் போனால் கேட்காமலேயே தெரிந்துவிடலாம் என்று, மறுநாள் மன்னார்குடி வழியாக முத்துப்பேட்டை போகும் முதல் பஸ்ஸில் ஏறினாள்.

"என்ன டாக்டரம்மா, திடுதிப்புன்னு? பட்டம் குடுத்துட்டாங்களா?" என்றார் அஸார், படகிலிருந்த தண்ணீரை இறைத்துக்கொண்டே.

"இன்னும் இல்லண்ணே."

"காட்டையே எடை போட்டாச்சு, இன்னுமா குடுக்கல? சரியான கஞ்சப் பயலுவ."

கோரையாற்றில் படகு போனது. கேள்வியை மனசுக்குள் நான்கைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எல்லாமே குற்றம் சாட்டுவது போலவே வந்தன. இரண்டு பக்கமும் மொட்டைக் கிளைகள். சில நுனிகளில் மட்டும் நகம் அளவுக்குப் பச்சை. ஏழாம் எண் வலையருகே அவர் இயந்திரத்தை நிறுத்தினார். வலையில் மூன்று இலைகள் கிடந்தன.

"அண்ணே... டிசம்பர்ல வலையில இலை இருந்துச்சா?"

"அனுப்புனேன்ல."

"வலையில இருந்துச்சாண்ணே?"

அஸார் துடுப்பால் சேற்றைக் கிளறினார். "வலையில இந்த மாதிரி ரெண்டு மூணுதான். புயல்ல உதுந்தது கீழ அள்ள அள்ளக் கெடந்துச்சு. அந்தந்த மரத்தடியில அள்ளி அந்தந்தப் பையிலதாம்மா போட்டேன். மாத்திப் போடல."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. மாற்றிப் போடக் கூடாது என்று முதல் நாளே அவரிடம் சொன்னவள் அவள்.

"ஏண்ணே?"

"வெறும் பைய அனுப்புனா காடு செத்துப்போச்சுன்னு எழுதிர மாட்டீங்களா? நீங்க எழுதிட்டா மேல இருக்கறவன் அத நம்பிருவான். செத்த காடுதானேன்னு எவனுக்காச்சும் குடுத்துருவான். அப்பறம் நாங்க எறாலுக்கு எங்க போறது?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. திங்கட்கிழமைதான் நினைவுக்கு வந்தது. பைக்குள் சின்னத் தூரிகை ஒன்று இருந்தது. ஒரு ராத்திரி உட்கார்ந்தால் அத்தனை இலைகளிலும் சேற்றைத் துடைத்துவிடலாம். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அவளே கூட ஊதிவிட்டு எடை போடத்தானே போனாள்.

போன் அதிர்ந்தது. ரோஹிணி மேடம். 'கிராஃப் ஃபைனல்தானே?'

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, 'இல்லை மேடம். டிசம்பரிலிருந்து எண்கள் தப்பு' என்று எழுதி அனுப்பினாள். சிக்னல் போய்விட்டிருந்தது. செய்தியின் ஓரத்தில் சின்னக் கடிகாரக் குறி அப்படியே நின்றது. அதை இப்போதும் அழித்துவிடலாம்.

போனை மடியில் வைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள். வலை ஏழு, இலை மூன்று.

"மூணுன்னா எழுதுறீங்க?"

"மூணுதானண்ணே இருக்கு."

எங்கிருந்தோ ஒரு மஞ்சள் இலை சுழன்று இறங்கியது. வலையின் விளிம்பில் பட்டு, வெளியே சேற்றில் விழுந்தது. அஸாரின் கை தன்னால் அதை நோக்கி நீண்டது. பாதியில் நிறுத்தி, அவளைப் பார்த்தார்.

அவள் நோட்டை மூடினாள். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. இலையின் ஒரு முனை சேற்றைவிட்டு மெல்ல எழும்பியது.