இருநூற்றுப் பதினேழாம் பக்கத்துச் சிப்பாய்கள்

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்கள் ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பது, ஒரு தலையணையில் இரண்டு பேர் படுப்பது மாதிரி. கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே படுத்திருக்கலாம். பிறகு யாராவது ஒருத்திக்குக் கழுத்து வலிக்கும். பெரியவளுக்கு வலிக்க ஆரம்பித்து எட்டு மாதமாகிறது.

மூத்த மருமகள் என்பதால் வீட்டில் அவள் பெரியவள். அந்தப் பெயரே அலுவலகத்திலும் ஒட்டிக்கொண்டது. பெரும்போரின் வரலாற்றைப் படங்களோடு சொல்லும் நான்கு தடித்த தொகுதிகளைக் கொண்டுவரும் பதிப்பகம் அது. பதினோரு வருடமாக அங்கே படக்குறிப்பு எழுதுகிறாள். எந்த டாங்கிக்கு எத்தனை சக்கரம், எந்தப் படையின் தொப்பியில் எந்தப் பக்கம் மடிப்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிக்கொள்கிற பெண்ணுக்குப் பீரங்கிகளெல்லாம் அத்துப்படி.

சின்னவள் அவளுடைய ஓரகத்தி. கொழுந்தனின் மனைவி. "பாவம், கம்ப்யூட்டர் படிச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்கா" என்று முதலாளியிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். பக்கம் வடிவமைக்கிற வேலை. வந்த மூன்றாம் மாதமே பழைய புகைப்படங்களைப் பக்கம் நிறையப் பெரிதாக்கிப் போட்டாள். புத்தகக் கடைக்காரர்கள் பிரமாதம் என்றார்கள். வீட்டில் மாமியார் அந்தப் பக்கங்களைத் தடவிப் பார்த்து, "சின்னவ கை பட்டதும் புஸ்தகத்துக்கே களை வந்துடுச்சு" என்றார். பெரியவள் எழுதிய வரிகள் அதே பக்கத்தின் அடியில், எறும்பு வரிசையாக, யாரும் படிக்காமல் கிடந்தன. அன்று அவளுக்கு வயிறு எரிந்தது நிஜம். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை என்று முணுமுணுத்துக்கொண்டே பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

அதற்கு மேல்தான் முதலாளி அந்தக் குண்டைப் போட்டார்.

"நாலாவது தொகுதியில முகப்புல தொகுப்பாசிரியர்னு ஒரே ஒரு பேர்தான் வரும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர். மூணாவது வந்தப்புறம் முடிவு பண்றேன்" என்றவர், சின்னவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் படக்குறிப்பு தேவைப்படவில்லை.

பதினோரு வருடத்தில் பெரியவளின் பெயர் எந்தப் பக்கத்திலும் அச்சானதில்லை. அந்த ஒரு பெயருக்காகத்தான் அவள் சம்பளம் கூடாத வருடங்களிலும் வேறு இடம் தேடாமல் இருந்தாள்.

மூன்றாம் தொகுதியின் கடைசிப் புரூஃப் வந்தது. எந்தப் பக்கமும் பெரியவளின் பச்சை மைக் கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் போகக் கூடாது என்பது அங்கே சட்டம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சின்னவள் பக்கத்தில் ஒரு குறையாவது அகப்படாதா என்று பார்த்தாள் என்பதுதான் உண்மை.

இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தில் அகப்பட்டது. போர்முனையை விட்டு ஓடிப்போனவர்களைப் பற்றிய அத்தியாயம். இரண்டு சிப்பாய்கள் தோளோடு தோள் உரசி நிற்கிற பழைய படம். அவர்கள் கையிலிருந்த துப்பாக்கியில், தோட்டா ஏற்றும் கைப்பிடி இடப்பக்கம் இருந்தது. அந்த ரகத்துக்கு அது வலப்பக்கம்தான் இருக்க வேண்டும். பெரியவளுக்கு விஷயம் நொடியில் புரிந்தது. பக்கம் வடிவமைப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தில் இருப்பவர் புத்தகத்துக்கு வெளியே பார்க்கக் கூடாது, உள்ளே பார்க்க வேண்டும். வெளியே பார்க்கிறவரைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பிவிடுவார்கள். சின்னவள் திருப்பியிருக்கிறாள்.

ஒரு வார்த்தை சொன்னால் ஐந்து நிமிட வேலை. பெரியவள் பேனாவை எடுத்தாள். துப்பாக்கிப் பைத்தியங்கள் நாலு பேர் கடிதம் போடுவார்கள். முதலாளி அதைப் படிப்பார். 'அழகு மட்டும் போதாதும்மா' என்று சின்னவளிடம் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள், இனித்தது. கையெழுத்தைப் போட்டாள்.

முதல் இருபது பிரதிகள் பைண்டிங் முடிந்து வந்த வாரம், காலை பதினோரு மணிக்கு ஒரு முதியவர் வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். அந்த இரண்டு சிப்பாய்கள் படத்தைக் கொடுத்தவர் அவர்தான். நன்றிக்காக ஒரு பிரதியை அனுப்பியிருந்தார்கள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு முதலாளி அறைக்குள் நுழைந்தார். சத்தம் கேட்டு இரண்டு மருமகள்களும் ஓடினார்கள்.

"எங்கப்பா செத்தப்ப நான் ஆறு மாசக் கொழந்தை. இந்தப் படத்துலதான் அவரைப் பாத்திருக்கேன்." தபால்காரர் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தார். "இவர்தான் எங்கப்பா. என்ன எழுதியிருக்கீங்கன்னு நீங்களே படிங்க."

முதலாளி வாய்விட்டுப் படித்தார். "இடமிருந்து வலமாக: ஆற்றைக் கடக்கும்போது தோழர்களைக் காப்பாற்றி உயிர்விட்டவர், அதற்கு மூன்று நாள் முன்பு முகாமிலிருந்து ஓடிப்போனவர்."

படம் திரும்பியதும் இடப்பக்கம் நின்றவர் வலப்பக்கம் போய்விட்டார். தபால்காரரின் அப்பா ஓடிப்போனவர் ஆகியிருந்தார்.

துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்த பெரியவளுக்குத் தான் எழுதிய வரி மறந்தே போயிருந்தது. 'இடமிருந்து வலமாக' என்பது அவள் வாழ்நாளில் அதிகம் எழுதிய சொற்றொடர். அது அவள் கண்ணில் படவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், அவள் கையால் கெட்டாள்.

முதலாளி புரூஃபை வரவழைத்தார். பச்சை மை பளிச்சென்று இருந்தது. "பெரியவளே, இது உன் கையெழுத்துதானே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் முன்னால் வந்தாள். "அக்கா மேல தப்பில்ல சார். அவங்க கையெழுத்துப் போட்டப்புறம் நான்தான் படத்தைத் திருப்பினேன். அவங்ககிட்ட சொல்லலை."

பச்சைப் பொய். திருப்பிய படத்தின் மேல்தான் கையெழுத்து இருந்தது. பதற்றத்தில் முதலாளி அதைக் கவனிக்கவில்லை. "தைரியமா ஒத்துக்கிட்டியே, அதுவே பெரிசும்மா" என்றார். தபால்காரர்கூடச் சின்னவளைப் பார்த்துக் கொஞ்சம் தணிந்தார்.

பெரியவள் தப்பித்துவிட்டாள். நியாயமாக அவளுக்கு உயிர் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அழகான பக்கம் சின்னவளுடையது, மாமியார் அவளுடையவர், முகப்பும் அவளுக்கே போகப்போகிறது. இப்போது நல்லவள் என்கிற பேருமா? இத்தனை நாள் எரிந்ததெல்லாம் ஒரு எரிச்சலே இல்லை என்று அந்த நொடியில் தோன்றியது.

"பொய் சொல்றா சார்" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "திருப்பினது தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். துப்பாக்கியைப் பாத்ததுமே கண்டுபிடிச்சேன். அவ மாட்டிக்கட்டும்னு விட்டேன்."

தபால்காரர் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, உங்க ரெண்டு பேர் சண்டையில எங்கப்பா உனக்கு என்ன செஞ்சாரு?"

பெரியவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

அந்தத் தாளை மறுபடி அச்சடிப்பது என்று முடிவாயிற்று. திருத்திய பக்கத்தைத் தபால்காரர் வீட்டுக்குப் பெரியவளே கொண்டுபோய்க் கொடுத்து, அவர் வீட்டார் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்ட வேண்டும். நாலாவது தொகுதியின் முகப்பில் யார் பெயரும் வராது. "உங்க ரெண்டு பேர் பேரும் எனக்கு வேண்டாம். பெரும்போர்னு மட்டும் இருக்கட்டும், அதுவே பொருத்தம்" என்றார் முதலாளி.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் இருவரும் ஒரு முழம் தள்ளி நின்றார்கள். இரண்டு பஸ் போன பிறகு சின்னவள் கேட்டாள்.

"நான்தான் பழியை ஏத்துக்கிட்டேனே. அப்புறம் ஏன்க்கா வாயத் தொறந்தீங்க?"

"நல்லவங்கற பேரும் உனக்கே போகுதுன்னு தாங்கலடி. போதுமா?"

சின்னவள் அழுவாள் என்று பெரியவள் நினைத்தாள். அவளோ வெடுக்கென்று திரும்பினாள்.

"நான் மட்டும் என்ன, உங்க மேல பாசம் பொங்கியா சொன்னேன்? கல்யாணமான நாள்லேர்ந்து நம்ம மாமியாரும் எங்க வீட்டுக்காரரும் 'பெரியவ மாதிரி வருமா'ன்னே சொல்லிச் சொல்லி என்னைக் கொன்னுட்டாங்க. ஆபீஸ்லயும் அதே பாட்டு. ஒரு தடவையாவது நீங்க என் தயவுல நிக்கணும்னு ஆசைப்பட்டேன். அதையும் கெடுத்துட்டீங்க."

பெரியவள் இன்னொருவர் அப்பாவின் மானத்தை வாங்கிவிட்டு, பதினோரு வருட ஆசையைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள். வெட்கப்பட வேண்டிய நேரம், வெட்கப்படவும் செய்தாள். ஆனாலும் தன்னைப் பார்த்தும் ஒருத்தி இத்தனை வருடம் வயிறெரிந்திருக்கிறாள் என்று கேட்டதும், அந்தப் பாழாய்ப்போன மனசு குளிர்ந்து போயிற்று.