ஏழு நிலையங்களில் ஒரே நீர்மட்டம்

2009 பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஆறு நிமிடத்துக்கு, ஜப்பானின் மாட்சுயே நகரில் எங்கள் அலுவலகக் கூட்ட அறையின் திரையில் நதியோரத்து ஏழு அளவு நிலையங்களின் நீர்மட்டமும் 1.42 மீட்டர் என்று வந்தது.

மலையடிவார நிலையமும் ஏரிக்கரை நிலையமும் ஒரே எண்ணைக் காட்ட வழியில்லை. பார்க்க வந்திருந்த வாடிக்கையாளர்களில் மூத்தவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "நதிய இழுத்துச் சமமா நெரவிட்டீங்க போலிருக்கே" என்றார். பிரிவுத் தலைவர் காகெயாமா எழுந்து தலை தாழ்த்தினார். நாங்களும் தாழ்த்தினோம். கடைசியாக நிமிர்ந்தவர் இதோஹரா சனாயே.

நிரந்தர ஊழியர்களான எங்கள் அடையாள அட்டையின் கழுத்துப்பட்டை நீலம். சனாயேவுடையது பச்சை, ஏஜென்சி வழியாக வந்த ஒப்பந்த ஊழியர். மூன்று வருட ஒப்பந்தம் மார்ச் 31-இல் முடிகிறது. இந்தக் காட்சி விளக்கம் நல்லபடி முடிந்தால் நிரந்தர வேலைக்குப் பெயர் அனுப்புவதாகக் காகெயாமா வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். பள்ளி மாற வேண்டியிருக்காது என்று சனாயே மகளிடம் சொல்லியும் விட்டார்.

அவருக்குக் கொடுத்த வேலை, இரண்டு கணினி மொழிகளுக்கு நடுவே ஒரு பாலம். வெள்ளக் கணக்கு நிரல் 1991-இல் எங்கள் மூத்த நிரலாளர் கதோவாகி 'சி' மொழியில் எழுதியது. இளையவர்கள் எல்லோரும் 'ரூபி' மொழியில் எழுதுகிறார்கள். ரூபியிலிருந்தே அந்தப் பழைய நிரலைக் கூப்பிட வழி செய்ய வேண்டும்.

கதோவாகியின் நிரல் எப்போது கூப்பிட்டாலும் விடையை நினைவகத்தில் ஒரே இடத்தில் எழுதி, அந்த இடத்தின் முகவரியைத் திருப்பித் தரும். ஒரு நிலையத்துக்கு ஒருமுறை ஓட்டி, தாளில் அச்சிட்டு, நிறுத்திவிடும் காலத்தில் அதில் தவறில்லை. சனாயேவின் பாலம் விடையைப் படியெடுக்காமல் முகவரியை மட்டும் வைத்துக்கொண்டது. ஒவ்வொரு நிலையமாகச் சோதித்தபோது சரியாகவே வந்தது. ஏழையும் ஒன்றாகக் கேட்ட அன்று, ஏழு முகவரிகளும் ஒரே இடத்தைக் காட்டின; அங்கே இருந்தது ஏழாவது நிலையத்தின் விடை.

இதைப் பற்றி அவர் முன்பே கேட்டிருந்தார். நவம்பரில் ஒருநாள் மதியம், கதோவாகி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது.

"கதோவாகி சான், உங்க நிரல்ல இந்த இடத்துல ஒரு குறிப்பு இருக்குங்க. எழுத்தெல்லாம் உடைஞ்சு கிடக்கு. பழைய எழுத்துரு முறைக்கு மாத்திப் பாத்தேன், பாதி அழிஞ்சே போச்சு. என்ன எழுதியிருந்தீங்க?"

"மூணு மிஷின் மாறி வந்த ஃபைல், உடையாம என்ன பண்ணும்?"

"திரும்பி வர்ற விடைய நான் எதாவது பண்ணணுமா?"

"ஒண்ணும் பண்ண வேணாம். பதினேழு வருஷமா ஓடுது. உன் கை படாம இருந்தா இன்னும் பதினேழு வருஷம் ஓடும். இந்தா, சாப்பிடு."

பாதி ஆரஞ்சைக் கொடுத்தார். என் மேசை சனாயேவுக்குப் பக்கத்து மேசை.

வாடிக்கையாளர்கள் போன நாற்பதாவது நிமிடம் சனாயே தவறைக் கண்டுபிடித்தார். திருத்தம் இரண்டு வரி. மாலை நாலு மணிக்குக் காரணம் ஆராயும் கூட்டம். கதோவாகி ஒரு பழைய கோப்போடு வந்தார். 1991-இல் அச்சிட்ட தாள். உடையாத எழுத்தில் குறிப்பு இருந்தது: விடை அடுத்த அழைப்பு வரையே செல்லும், வேண்டுமானால் படியெடுக்கவும்.

"எழுதித்தானே வச்சிருக்கேன்" என்றார்.

"நவம்பர்ல உங்ககிட்ட கேட்டேங்க" என்றார் சனாயே.

"எனக்கு ஞாபகம் இல்லையே."

காகெயாமா பொதுவாக அறையைப் பார்த்தார். "அப்ப பக்கத்துல யாராச்சும் இருந்தீங்களா?"

நான் குறிப்பேட்டில் ஒரு பக்கம் திருப்பினேன். கதோவாகி அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அவர் நிரல் பதினோரு இடங்களில் ஓடுகிறது. அதில் கோளாறு என்று எழுதினால் பதினோரு இடத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். பாலத்தில் கோளாறு என்றால் ஓரிடத்தோடு முடியும். அறையில் இது யாருக்கும் தெரியாமல் இல்லை.

மன்னிப்பு அறிக்கையைக் கையால் எழுதி முத்திரை வைத்துத் தருவது எங்கள் அலுவலக வழக்கம். சனாயே மறுநாள் கொடுத்த தாளைக் காகெயாமா திருப்பிக் கொடுத்தார்.

"'எழுதியவரிடம் கேட்டேன்'னு ஒரு வரி இருக்கு பாருங்க. அது வேணாமே. சாக்கு சொல்ற மாதிரி படுது."

"நடந்தது அதுதாங்க."

"தெரியுது, இதோஹரா சான். நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இது முடிஞ்சாத்தானே மத்ததப் பேச முடியும்?"

சனாயே முழுத் தாளையும் மறுபடி எழுதினார், அந்த வரி இல்லாமல்.

அன்று காபி இயந்திரத்தின் முன்னால் என்னிடம் கேட்டார்: "கதோவாகி சான் குரல் சின்னக் குரலா என்ன? உங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒரு அகராதிதான இருக்கு?"

"மன்னிக்கணும்" என்றேன்.

"அதச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு இப்பத்தான் வர்றேன்."

மார்ச் நடுவில் காகெயாமா அவரை அழைத்துப் பேசினார். பெயரை அனுப்பியதாகவும், கோப்பில் மன்னிப்பு அறிக்கை உள்ள ஒருவரை நிரந்தரமாக்க மேலிடம் ஒப்பவில்லை என்றும் சொன்னார். மார்ச் 31 மாலை சனாயே பச்சைக் கழுத்துப்பட்டையை ஒப்படைத்தார். கதோவாகிக்கு அதே மாலை பூச்செண்டு கொடுத்தோம். ஏப்ரலில் அவர் ஆலோசகராக, வாரம் இரண்டு நாள், திரும்பி வந்தார். பாலத்தைப் பராமரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.